இரட்டைக் கட்டணமும் காந்தப் பட்டையும்

களுபோவில வைத்தியசாலையிலே வைத்தியம் இலவசம். ஆனால் அவ்வைத்தியசாலைக்குச் செல்லும் வழி இலவசமன்று. கொட்டாஞ்சேனையில் வாழும் தொழிலாளி ஒருவர் அங்கே செல்வதாயின், காலி வீதி வழியே தெஹிவளைச் சந்தி வரை ஒரு பஸ்ஸிலும், அங்கிருந்து களுபோவிலைக்கு மற்றொரு பஸ்ஸிலும் ஏறவேண்டும். முதற் பஸ்ஸிலே ஒரு கட்டணம். இரண்டாவது பஸ்ஸிலே, முன்னர் எதுவுமே செலுத்தாதவர் போல, மீண்டும் தொடக்கத்திலிருந்து ஒரு கட்டணம். முதல் இரண்டொரு மைலுக்கு அறவிடப்படும் குறைந்தபட்சக் கட்டணமே எப்போதும் பாரமானது. அதன் பின்னர் தூரம் கூடக் கூடக் கட்டணம் சிறிது சிறிதாகவே ஏறும். ஆதலால், ஒரே பஸ்ஸில் நெடுந்தூரம் செல்பவரைவிட, இரண்டு பஸ்களில் குறுந்தூரங்களைக் கடப்பவர் தூரத்துக்குத் தூரம் அதிகம் கொடுக்கிறார். பிரதான வீதியிலே வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ இயலாதவரே உள்வீதிகளில் வாழ்கின்றனர்; பஸ் மாறி ஏறுபவரும் பெரும்பாலும் அவரே. வீதி அமைப்பிலே தோன்றும் இந்தச் சிறு விஷயத்துக்குள் வர்க்கத்தின் முகம் தெரிகிறது.

ஒரு பிரயாணம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? வண்டி தொடங்கும் இடத்திலா, அல்லது மனிதர் தொடங்கும் இடத்திலா? போக்குவரத்துக் கட்டணத்தின் வரலாறு முழுவதும் இக்கேள்வியைச் சுற்றியே சுழன்று வந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, பழுப்பு நிறமான ஒரு மெல்லிய பட்டை இக்கேள்விக்குப் புதியதொரு விடையைச் சாத்தியமாக்கியது. பிரயாணச் சீட்டின் முதுகிலே பூசப்பட்ட காந்தப் பட்டையையே குறிப்பிடுகிறோம். இன்று அது உலகெங்கும் மறைந்துவருகிறது. ஒரு சாதனம் மறையும் வேளையிலேதான் அது யாருக்கு என்ன செய்தது என்று கணக்குப் பார்ப்பது எளிது. அந்தக் கணக்கை இங்கே பார்ப்போம்.

பிரயாணச் சீட்டு என்பது அடிப்படையில் ஒரு நினைவுக் குறிப்பு. பணம் செலுத்தப்பட்டது என்பதை அது ஞாபகம் வைத்திருக்கிறது. ஆனால் யாருடைய தேவைக்காக இந்த ஞாபகம் தோன்றியது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ரயில் நிலையங்களிலே சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். எத்தனை சீட்டு விற்கப்பட்டது, எவ்வளவு பணம் வந்தது என்பதைக் கம்பெனி சரிபார்க்க வழியில்லை. 1830களின் பிற்பகுதியிலே, நியூகாசில் - கார்லைல் ரயில் பாதையில் நிலையப் பொறுப்பாளராயிருந்த தோமஸ் எட்மண்ட்சன் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். தளபாடத் தொழிலில் நொடித்துப்போய் ரயில் வேலைக்கு வந்தவர் அவர். வரிசை எண் இடப்பட்ட தடித்த சிறு அட்டைகளை முன்கூட்டியே அச்சிட்டு, விற்கும்போது தேதியை மட்டும் பொறிக்கும் முறையை அவர் வகுத்தார். மாலையிலே முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பார்த்தால் விற்ற கணக்குத் தெரிந்துவிடும். பிரயாணிக்கு அது சீட்டு. கம்பெனிக்கோ அது தன் ஊழியனைக் கண்காணிக்கும் கண். இவ்விரு குணங்களும் சீட்டின் பிறப்போடு சேர்ந்தே பிறந்தவை. பிற்காலத்துக் காந்த அட்டையிலும் இவ்விரண்டும் தொடர்ந்தன என்பதை நாம் காண்போம்.

இலங்கையின் முதல் ரயில் 1864 டிசம்பர் 27ஆம் தேதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. எட்மண்ட்சன் அட்டைச் சீட்டும் நம் நாட்டுக்கு வந்து, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நம் மக்களின் கைகளிலே புழங்கிற்று. தெஹிவளையிலோ வெள்ளவத்தையிலோ ரயிலேறிய நம் மூத்த தலைமுறையினர் பலருக்கு அந்தத் தடித்த அட்டை நன்கு பழக்கமானது.

கொழும்பு நகருக்குள்ளே மின்சார டிராம் வண்டி 1899இல் வந்தது. பூஸ்டெட் சகோதரர்கள் என்ற பிரித்தானிய நிறுவனம் கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கும் பொரளைக்கும் அதனை நடத்தியது. அவ்வண்டிகளை ஓட்டியவர்களும் சீட்டுக் கொடுத்தவர்களும் 1929இலே ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, மருதானையிலே துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது; மனித உயிர்கள் பலியாயின. இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றின் முக்கியமான அத்தியாயம் ஒன்று டிராம் வண்டியின் படியிலே எழுதப்பட்டது என்றால் மிகையாகாது. 1944இலே மாநகர சபை டிராம் சேவையைப் பொறுப்பேற்றது. 1953இல் மின்கம்பிப் பஸ்கள் வந்தன. 1960இலே டிராமும், 1964இலே மின்கம்பிப் பஸ்ஸும் மறைந்தன.

மறுபுறத்திலே, காலி வீதி போன்ற பெருவீதிகள் தனியார் பஸ் கம்பெனிகளின் ஆதிக்கத்துக்கு உட்பட்டிருந்தன. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு பாதை. ஒவ்வொரு பாதைக்கும் ஒவ்வொரு பெட்டி. ஒரு கம்பெனியின் சீட்டை மற்றக் கம்பெனி மதிக்கவேண்டிய கடப்பாடு எதுவும் இருக்கவில்லை. கட்டணம் என்பது மக்களின் வயிற்றோடு பிணைந்தது என்பதை 1953 ஆகஸ்ட் 12ஆம் தேதி ஹர்த்தால் உணர்த்தியது. அரிசி விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திய அதே வரவுசெலவுத் திட்டம் ரயில் கட்டணத்தையும் உயர்த்தியிருந்தது. 1957இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 1958 ஜனவரி முதலாந் தேதி பஸ் கம்பெனிகள் யாவும் தேசியமயமாக்கப்பட்டு, இலங்கைப் போக்குவரத்துச் சபை உதயமாயிற்று.

தேசியமயமாக்கலின் உட்பொருளை நாம் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். வண்டியின் உடைமை மாறியது மாத்திரமே அதன் பொருளன்று. நகரத்தின் பாதைகள் யாவும் ஒரே வலையமைப்பு என்று முதன்முறையாகக் கொள்ளக்கூடியதாயிற்று. பாதைகள் ஒரே கையில் இருக்கும்போதுதான், ஒரு பஸ்ஸில் கொடுத்த பணத்தை மற்றப் பஸ் ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்று கேட்பதற்கு நியாயம் உண்டாகிறது. மாணவருக்கும் தொழிலாளருக்கும் பருவச் சீட்டுக் கிடைத்தது அந்த நியாயத்தின் ஒரு பகுதியே. 1979 முதல் தனியார் பஸ்கள் மீண்டும் வீதிக்கு வந்தபோது வலையமைப்பு மறுபடியும் துண்டு துண்டாயிற்று. ஒரே பஸ்ஸை உடைய முதலாளி, தமக்கு இத்தனை ரூபா தந்தாக வேண்டும் என்று சாரதியிடமும் நடத்துனரிடமும் நாள்தோறும் வசூலிக்கும் முறை பரவியது. ஒவ்வொரு பஸ்ஸும் தனியொரு கடையாகிவிட்டால், இரண்டு கடைகளுக்கும் ஒரே சீட்டு எப்படிச் செல்லுபடியாகும்?

இங்கே சற்று நின்று, காந்தப் பட்டை எவ்வாறு பிறந்தது, எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பார்ப்போம். அதன் இயக்கம் தெரிந்தால்தான் அதன் அரசியலும் தெரியும்.

காந்தத்திலே ஒலியைப் பதிவு செய்யலாம் என்பதை டென்மார்க்கைச் சேர்ந்த வால்டெமார் பௌல்சன் 1898இலே உருக்குக் கம்பி ஒன்றின் மூலம் காட்டினார். 1928இல் ஜெர்மனியிலே பிரிட்ஸ் பிளொய்மர் தாள் நாடாவின்மேல் காந்தத் தூளைப் பூசும் முறையைக் கண்டார். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலே ஐ.பி.எம். நிறுவனத்தின் பொறியியலாளர் பொரஸ்ட் பரி, அரசாங்க ஊழியருக்கான அடையாள அட்டையொன்றிலே இந்த நாடாவை ஒட்ட முயன்றார். எந்தப் பசையும் சரிவரவில்லை, நாடா நெளிந்தது. வீட்டிலே துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி டொரத்தியா, இஸ்திரிப் பெட்டியாலே அழுத்திப் பார்க்கச் சொன்னார் என்றும், அவ்வாறே நாடா ஒட்டிக்கொண்டது என்றும் அந்நிறுவனமே தன் வரலாற்றில் கூறுகிறது. உலகின் வங்கிகளும் ரயில்களும் பின்னர் கோடிக்கணக்கிலே பயன்படுத்திய அட்டையின் முதல் வெற்றி, ஊதியமில்லாத வீட்டு வேலையின் அனுபவத்திலிருந்து வந்தது என்பதை வாசகர் மனங்கொள்ள வேண்டும்.

பட்டையிலே இருப்பவை இரும்பு ஒக்சைட்டு போன்ற காந்தப் பொருளின் மிக நுண்ணிய துகள்கள். எழுதும் முனையொன்று அதன்மேல் செல்லும்போது, மின்னோட்டத்தின் திசைக்கேற்ப அத்துகள்களின் காந்தத் திசையும் மாறுகிறது. மின்னோட்டம் நின்ற பின்னும் அத்திசை அப்படியே நிலைத்து நிற்கும். இதுவே பட்டையின் ஞாபகம். பட்டையின் நீளத்தைச் சம அளவான சிறு கட்டங்களாகப் பிரித்ததாகக் கற்பனை செய்வோம். ஒவ்வொரு கட்டத்தின் எல்லையிலும் காந்தத் திசை ஒருமுறை மாறும். கட்டத்தின் நடுவிலே மேலும் ஒருமுறை மாறினால் அது ‘ஒன்று’. மாறாவிட்டால் அது ‘சுழி’. வாசிக்கும் முனை இம்மாற்றங்களைச் சிறு மின் துடிப்புகளாக உணர்கிறது. எல்லைகளிலே தவறாமல் வரும் துடிப்புகள் கடிகாரம்போலத் தாளம் காட்டுவதால், அட்டையை வேகமாக இழுத்தாலும் மெதுவாக இழுத்தாலும் இயந்திரம் அதனை வாசித்துவிடும். வங்கி அட்டைகளிலே பரவலாகக் கையாளப்பட்ட முறை இது. பிரயாண அட்டைகளை அமைத்த நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தமக்குரிய குறியீட்டு முறைகளை வகுத்துக்கொண்டன. எனினும் தத்துவம் ஒன்றே.

வங்கி அட்டைக்கும் பிரயாண அட்டைக்கும் இடையே முக்கியமானதொரு வேறுபாடு உண்டு. வங்கி அட்டையின் பட்டையிலே கணக்கு எண் போன்ற அடையாளக் குறிப்புகள் மாத்திரமே இருக்கும். பணம் வங்கியின் ஏட்டிலே இருக்கும். பிரயாண அட்டையிலோ மீதிப் பணத்தின் அளவே பட்டையில் எழுதப்பட்டது. நெரிசல் வேளையிலே ஒருவர் வாயிலைக் கடக்கும் ஓரிரு கணங்களுக்குள் தூரத்திலுள்ள கணினியிடம் கேட்டு விடை பெறுவது அக்காலத்திலே நடைமுறையிற் சாத்தியமில்லை. எனவே கணக்கேட்டையே பிரயாணியின் சட்டைப் பைக்குள் கொடுத்துவிட்டனர். வாயில் அட்டையை விழுங்கி, பட்டையை வாசித்து, கட்டணத்தைக் கழித்து, புதிய மீதியை எழுதி, எழுதியது சரிதானா என்று மீண்டும் ஒருமுறை வாசித்துப் பார்த்த பின்னரே வழிவிடும். தூரத்துக்கேற்பக் கட்டணம் அறவிடும் ரயில்களிலே, நுழையும் வாயில் நிலையத்தின் பெயரையும் நேரத்தையும் பட்டையில் எழுதும். வெளியேறும் வாயில் அதனை வாசித்துக் கட்டணத்தைக் கணிக்கும்.

இந்தச் சாதனம் முதலில் புகுந்த இடங்களைப் பார்த்தால் அதன் நோக்கம் விளங்கும். லண்டன் சுரங்க ரயில் நிர்வாகம் 1964 ஜனவரியிலே ஸ்டாம்போர்ட் புரூக் நிலையத்தில் தானியங்கி வாயிலைப் பரீட்சித்தது. 1968இலே திறந்த விக்டோரியா பாதையில், முதுகிலே காந்தப் பூச்சுள்ள சீட்டுகளைப் புழக்கத்துக்கு விட்டது. போருக்குப் பிந்திய லண்டனிலே குறைந்த ஊதியத்துக்கு வேலை செய்ய ஆட்கள் கிடைக்கவில்லை. 1956 முதல் அதே நிர்வாகம் பார்படோஸ் தீவுக்குச் சென்று ஆள் திரட்டிக்கொண்டிருந்தது. குடியேற்ற நாட்டின் உழைப்பு ஒருபுறம், உழைப்பாளியே வேண்டாத வாயில் மறுபுறம். இரண்டும் ஒரே நெருக்கடிக்கு முதலாளித்துவ நகரம் தேடிய இரு மருந்துகள்.

1972இல் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் புதிய ரயில், பணத்தைத் தன்னிலே சேமித்துவைக்கும் காந்தச் சீட்டுடன் தொடங்கியது. 1979இல் ஹொங்கொங்கும் 1987இல் சிங்கப்பூரும் காந்த அட்டைகளுடனேயே தமது நகர ரயில்களைத் திறந்தன. நம் அண்டை நாட்டிலே, 1984 ஒக்டோபர் 24ஆம் தேதி இந்தியாவின் முதல் சுரங்க ரயில் கல்கத்தாவில் எஸ்பிளனேடுக்கும் பவானிப்பூருக்கும் இடையே ஓடியது. அந்நகரின் வாயில்களிலே காந்தப் பட்டை கொண்ட தாள் சீட்டுகள் 2011 வரை புழங்கின. டிராமும் கைரிக்‌ஷாவும் ஓடிய அதே வீதிக்கு அடியிலே, குமாஸ்தாவும் மாணவரும் கூலித் தொழிலாளியும் பழுப்புப் பட்டையுள்ள சிறு சீட்டை இயந்திரத்தின் வாயிலே செருகிச் சென்றனர். தெற்காசியாவின் ஏழை மக்களுக்கு இயந்திரச் சீட்டு ஒத்துவராது என்று கூறுவோருக்குக் கல்கத்தா தரும் விடை இது.

எனினும் நம் கேள்விக்கு மிகத் தெளிவான விடையைத் தருவது நியூயோர்க் நகரமே. அங்கே 1953 முதல் சுரங்க ரயிலுக்கு உலோக வில்லையே கட்டணமாக வழங்கியது. வில்லைக்கு ஞாபகம் இல்லை. பெட்டிக்குள் விழுந்ததும் அது எல்லா வில்லைகளையும் போன்ற ஒரு வில்லை. அதைப் போட்டவர் சற்று முன்னர் பஸ்ஸிலே பணம் கொடுத்தவரா என்பது அதற்குத் தெரியாது. நகரின் மையத்திலே வாழ்ந்தவர் நேராக ரயிலேறி ஒரு வில்லையுடன் வேலைக்குச் சென்றார். ரயில் எட்டாத குவீன்ஸ், புரூக்ளின் புறப்பகுதிகளில் வாழ்ந்தவரோ பஸ்ஸுக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று என இரண்டு கட்டணம் கொடுத்தார். அப்பகுதிகளுக்கு மக்கள் இட்ட பெயரே ‘இரட்டைக் கட்டண வட்டாரம்’ என்பதாகும். 1995 இறுதியிலே கட்டணம் ஒன்றரை டொலராக உயர்ந்தபோது, இரட்டைக் கட்டண வட்டாரத்துத் தொழிலாளி போகவரச் செலுத்தியது நாளொன்றுக்கு 6 டொலர்; மையத்தில் வாழ்ந்தவர் செலுத்தியது 3 டொலர்.

1994 ஜனவரியிலே ‘மெட்ரோகார்ட்’ என்ற காந்தப் பட்டை அட்டை அங்கே புழக்கத்துக்கு வந்தது. வந்தவுடன் இரட்டைக் கட்டணம் ஒழிந்துவிடவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். மூன்றரை ஆண்டுகள் அந்த அட்டை வில்லையின் வேலையையே செய்தது. பிரயாணிகள் அமைப்புகளும் புறப்பகுதி மக்களும் நெடுங்காலம் வற்புறுத்தி வந்ததன் பின்னரே, 1997 ஜூலை 4ஆம் தேதி பஸ்ஸிலிருந்து ரயிலுக்கும் ரயிலிலிருந்து பஸ்ஸுக்கும் கட்டணமின்றி மாறும் உரிமை நடைமுறைக்கு வந்தது. அதற்காகப் புதிய இயந்திரம் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. எந்த வழியில், எத்தனை மணிக்கு ஏறினார் என்பதைப் பட்டை ஏற்கெனவே எழுதிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் மறுவண்டியில் ஏறினால் மறுகட்டணம் கழிக்காதே என்ற ஒரு கட்டளையே புதிதாகத் தேவைப்பட்டது. பட்டையின் ஞாபகம் முதன்முறையாகக் கம்பெனியின் கணக்குக்காக மட்டுமன்றி, பிரயாணியின் உரிமைக்காகவும் வேலை செய்தது. 1998இலே வாரத்துக்கும் மாதத்துக்கும் கணக்கின்றிப் பிரயாணம் செய்யும் அட்டைகள் வந்தன. 2003இல் வில்லை மறைந்தது.

சிங்கப்பூரிலும் இதே பாடத்தைக் காண்கிறோம். 1990இலே பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பொதுவான காந்த அட்டை அங்கே அறிமுகமாயிற்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியவருக்குக் கட்டணத்தில் ஒரு பகுதி தள்ளுபடியாயிற்று. அங்கே பஸ்களை நடத்தியவை வெவ்வேறு கம்பெனிகள். ஆயினும் பொதுக் கட்டணத்தை ஏற்கவேண்டும் என்று அரசு வகுத்தபோது அவை ஏற்றன. ஆதலால், தனியார் பஸ் இருக்கும்வரை ஒரே கட்டணம் இயலாது என்ற வாதமும் முழு உண்மையன்று. உடைமை துண்டுபட்டிருந்தாலும், கட்டணத்தை ஒன்றாக்கும் அதிகாரம் பொதுவான கையிலே இருக்கவேண்டும் என்பதே உண்மை.

ஆனால் காந்தப் பட்டையைப் புகழ்ந்து மட்டும் முடிப்பது வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும். எட்மண்ட்சன் அட்டையிலே நாம் கண்ட கண்காணிக்கும் கண் இங்கேயும் இருந்தது. மாத அட்டையினால் மிகுந்த ஆதாயம் பெற்றவர் யார்? மாதத் தொகை முழுவதையும் முதலாந் தேதியே செலுத்த வல்லவர். அன்றாடம் கூலி பெற்று அன்றாடம் உண்பவர், மாதம் முழுவதும் பிரயாணம் செய்தாலும் ஒவ்வொரு பிரயாணத்துக்கும் தனித்தனியே கொடுத்து, முடிவில் அதிகம் கொடுத்தார். வறியவர் எதையும் சில்லறையாக வாங்குவதால் அதிக விலை கொடுக்கும் பழைய கதையே இது. 2013 முதல் நியூயோர்க்கிலே புது அட்டை வாங்குவதற்கே ஒரு டொலர் தனியாக அறவிடப்பட்டது. தொலைந்த அட்டையிலும் காலாவதியான அட்டையிலும் மிஞ்சிக் கிடந்த சில்லறை மக்களின் பணம். ஆனால் அது நிர்வாகத்திடமே தங்கிற்று.

இன்னொன்றையும் குறிப்பிடாமல் விட முடியாது. தீர்ந்துபோன அட்டையின் பட்டையைக் குறிப்பிட்ட இடத்திலே மடித்தால், வாசிக்கும் இயந்திரம் குழம்பி ஒருமுறை வழிவிட்டுவிடும் என்பதை நியூயோர்க்கின் வீடற்ற ஏழைகள் சிலர் கண்டுகொண்டனர். எறியப்பட்ட அட்டைகளைப் பொறுக்கி, மடித்து, குறைந்த காசுக்குப் பிறரை வாயில் கடத்திவிட்டுப் பிழைத்தனர். அட்டையை அவ்வாறு மடிப்பது பத்திரத்தைப் பொய்யாகத் திருத்திய கள்ளக் குற்றத்துக்குச் சமம் என்று அம்மாநிலத்தின் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009இலே தீர்ப்பளித்தது. அச்செயலை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் சில்லறைக் காசுக்காக அட்டையை மடித்தவர் கள்ளப் பத்திரக்காரராகச் சிறைக்குச் செல்லும் நகரத்திலே, இரண்டு கட்டணம் அறவிட்டு வந்த நெடிய ஆண்டுகளுக்குக் குற்றப்பெயர் எதுவும் இருக்கவில்லை என்பதை மட்டும் சுட்டிக்காட்டுகிறோம்.

பட்டையின் ஆயுளும் முடிந்தது. உராய்ந்து தேய்வது, வேறொரு காந்தத்தின் அருகே சென்றால் எழுத்து அழிவது, உருளைகளும் பட்டைகளுமாகச் சுழலும் வாயில்கள் அடிக்கடி பழுதாவது ஆகிய குறைகள் அதற்கு இருந்தன. தொடாமலே வாசிக்கப்படும் மின்துகள் அட்டை ஹொங்கொங்கிலே 1997இலும் சிங்கப்பூரிலே 2002இலும் வந்தது. டில்லி சுரங்க ரயில் 2002இல் தொடங்கியபோதே காந்தப் பட்டையைத் தாண்டிப் புதிய முறைக்குச் சென்றுவிட்டது. கல்கத்தா 2011இலே வில்லை வடிவான புதிய சாதனத்துக்கு மாறியது. நியூயோர்க்கின் மெட்ரோகார்ட் விற்பனை 2025 டிசம்பர் 31ஆம் தேதியுடன் நின்றது.

புதிய முறையிலே நன்மையும் உண்டு. ஒரு நாளில் அல்லது ஒரு வாரத்திலே குறிப்பிட்ட தொகைக்கு மேல் கழிக்காதே என்று உச்சவரம்பு வகுக்கலாம். லண்டன் 2005இலும் நியூயோர்க் 2022இலும் இதனைச் செய்தன. மாதப் பணத்தை முன்கூட்டிச் செலுத்த இயலாத ஏழைக்கும் மாத அட்டையின் சலுகை சில்லறையாகவே கிடைக்க இது வழிசெய்கிறது. ஆனால் ஓர் அடிப்படை மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. காந்தப் பட்டையின் காலத்திலே கணக்கேடு பிரயாணியின் பையிலே இருந்தது. காசு கொடுத்து வாங்கிய அட்டையிலே அவர் பெயர் இல்லை. இன்று கணக்கேடு நிர்வாகத்தின் அல்லது வங்கியின் கணினிக்குச் சென்றுவிட்டது. வங்கி அட்டையைத் தட்டிப் பஸ்ஸேறுபவர், தாம் எந்த நேரத்தில் எங்கே ஏறினார் என்ற குறிப்பைத் தம் பெயரோடு பிறர் கையில் விட்டுச் செல்கிறார். கூட்டத்துக்கோ வேலைநிறுத்தத்துக்கோ செல்லும் தொழிலாளிக்கு இது சிறு விஷயமன்று. கொழும்பிலே சோதனைச் சாவடிகளின் காலத்தைக் கடந்து வந்த தமிழ் மக்களுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி நம் நகரத்துக்கு வருவோம். கொழும்பின் பஸ்களிலே காந்தப் பட்டை ஒருபோதும் வேரூன்றவில்லை. உலகம் ஐம்பதாண்டுகள் கடந்து வந்த ஒரு படியை நாம் மிதிக்காமலே தாண்டியிருக்கிறோம். 2022இன் பொருளாதார நெருக்கடியிலே, ஜனவரியில் 17 ரூபாவாயிருந்த குறைந்தபட்சப் பஸ் கட்டணம் ஜூலையிலே 40 ரூபாவாயிற்று. பஸ் மாறுபவருக்கு இந்த ஏற்றம் இரட்டிப்பாக விழுந்தது: போவதற்கு 80 ரூபாவும் வருவதற்கு 80 ரூபாவும் அவருடைய மிகக் குறைந்த செலவாயிற்று. பின்னர் கட்டணம் சிறிது இறங்கிய போதிலும், இரண்டு முறை கொடுக்கும் விதி இறங்கவில்லை. 2025 நவம்பரிலே, வங்கி அட்டையினாலே பஸ் கட்டணம் செலுத்தும் ஏற்பாடு நம் நாட்டில் தொடக்கி வைக்கப்பட்டது. மீதிச் சில்லறை கிடைக்காத அன்றாடச் சச்சரவு இதனாலே குறையக்கூடும்; சீட்டே கொடுக்காது பணம் வாங்கும் வழக்கமும் ஒழியக்கூடும். இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆயினும் இரண்டு பஸ்களிலும் ஒரே அட்டையைத் தட்டி இரண்டு கட்டணம் கொடுப்பதாயின், மாறியது காசின் வடிவம் மாத்திரமே. கட்டணத்தின் அநீதி மாறவில்லை. மெட்ரோகார்ட்டின் முதல் மூன்றரை ஆண்டுகள் போதிப்பது இதையே.

இந்த வரலாற்றிலிருந்து நாம் பெறவேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. ஒரு குறித்த நேரத்துக்குள் வண்டி மாறும் பிரயாணியின் பிரயாணம் ஒன்றே எனக் கொள்ளப்பட வேண்டும். பஸ்ஸாயினும் ரயிலாயினும், சபையினதாயினும் தனியாரினதாயினும், குறைந்தபட்சக் கட்டணம் ஒருமுறையே அறவிடப்பட வேண்டும். அதனால் ஏற்படும் வருமானப் பங்கீட்டை அரசும் நிர்வாகங்களும் தமக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். அக்கணக்கைப் பிரயாணியின் தலையில் ஏற்ற வேண்டாம். வங்கிக் கணக்கு இல்லாதவரும் காசு கொடுத்துப் பெறக்கூடிய, பெயர் கேட்காத அட்டையொன்று இருக்க வேண்டும். காசும் ஏற்கப்பட வேண்டும். காசு கொடுப்பவருக்கு அதிகக் கட்டணம் கூடாது. அட்டை வருவதைக் காரணமாகக் காட்டி நடத்துனரை வீதியில் விடலாகாது. முதியவரை ஏற்றி இறக்கவும், புதியவருக்கு வழி சொல்லவும், நெரிசலிலே பெண்களுக்குப் பாதுகாப்பாக நிற்கவும் வண்டியிலே ஒரு மனிதர் என்றும் தேவை. நாள்வசூல் முறை நீங்கி அவருக்கு மாதச் சம்பளம் கிடைப்பின், அட்டை அவருக்கும் விடுதலையாகும்.

இவை கனவுகள் என்று சிலர் கூறலாம். இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் கனவுகள் என்று கூறப்பட்ட காலமொன்று இந்நாட்டிலே இருந்தது. பள்ளிக்கூடத்தின் வாயிலையும் வைத்தியசாலையின் வாயிலையும் மக்களுக்குத் திறந்துவிட்டு, அங்கே செல்லும் வழியிலே இரண்டு உண்டியல்களை வைப்பது அந்த வெற்றிகளையே பாதியாக்கிவிடுகிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் இதனைத் தம் வகுப்பறையிலேயே கணக்காகப் போட்டுப் பார்க்கலாம்: தம் பாடசாலைக்கு வருவோரில் எத்தனை பேர் வண்டி மாறி வருகின்றனர், மாதமொன்றுக்கு அவர்கள் கொடுக்கும் இரண்டாவது கட்டணம் எவ்வளவு என்று. அந்தத் தொகை எழுத்திலே வரும் நாளில் கோரிக்கைக்கு உருவம் கிடைக்கும். நியூயோர்க்கின் புறப்பகுதி மக்கள் தமது அவலத்துக்கு முதலில் ஒரு பெயர் இட்டார்கள். பின்னரே அதனை ஒழித்தார்கள். பெயர் நம்மிடமும் உண்டு. இயந்திரமும் வந்துகொண்டிருக்கிறது. அதற்கு என்ன கட்டளை இடுவது என்பதே இப்போது தீர்மானிக்கப்பட வேண்டியது. அத்தீர்மானத்தை வங்கியிடமும் பஸ் முதலாளியிடமும் விட்டுவிடாமல் நாமே முன்வந்து கேட்போம்.